மானும் வலையும் பிணையும்

காயல்பட்டினத்துக்கும் மானுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். முத்தும் சங்கும் விளையும் கடலை நோக்கி எழுந்த ஊர் அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றியும் இக்கரையின் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதி வைத்தார். வேட்டைக்கும் அவ்வூருக்கும் நெருக்கம் இருந்ததாகக் கூற இடமில்லை.

ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் முஸ்லிம்களின் நெஞ்சில் ஒரு மான் வாழ்ந்து வருகிறது. சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில், ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தில் உமறுப் புலவர் படைத்த பெண்மான் அது. அந்தக் காவியம் உருவாக வேண்டிய வரலாற்றுச் செய்திகளைப் புலவருக்குக் கிடைக்கச் செய்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் காயல்பட்டினத்தில் பிறந்தவர்கள். ஏட்டில் கிடந்த அக்காவியத்தை 1842இல் அச்சேற்றி உலகுக்கு அளித்த சேகனாப் புலவர் என்னும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களும் அவ்வூரின் மைந்தரே. ஆகவே அந்த மான் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியில் காயல்பட்டினமும் ஒரு தங்குமிடம் என்று கூறுவது மிகையாகாது.

கதையை நாம் அறிவோம். ஆனால் அதை எப்பொழுதும் மானின் பக்கம் நின்றே கேட்டிருக்கிறோம். வேடனின் பக்கம் நின்று ஒருமுறை கேட்போம். மானைப் பற்றி அவன் என்ன அறிந்திருந்தான்? அவ்வறிவை அவன் எதற்குப் பயன்படுத்தினான்? இவ்வினாக்களுக்கு விடை தேடும்பொழுதுதான் புலவர் செய்த வேலையின் அருமை விளங்கும்.

மானினங்கள்

தமிழர் மானை ஒரே பெயரால் அழைத்துவிட்டு அமைந்தவர்கள் அல்லர். புல்வாய், நவ்வி, உழை என்று வகை பிரித்தனர். ஆணைக் கலை என்றும் இரலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் வழங்கினர். தொல்காப்பிய மரபியல் இவற்றுக்கு விதியே வகுத்திருக்கிறது. கூர்ந்து நோக்கியவர்களுக்கே இத்தனை பெயர்கள் வேண்டியிருக்கும்.

நெல்லைச் சீமையின் மேற்கு எல்லையான களக்காடு, முண்டந்துறை மலைகளில் நான்கு இனங்களைக் காணலாம். அவற்றுள் மிகப் பெரியது மிளா. கடமான் என்பதும் இதுவே. பகலெல்லாம் அடர்ந்த காட்டில் ஒடுங்கியிருந்து, இருட்டிய பின் மேயும். பகையை மோப்பத்தால் உணர்ந்தால் காலைத் தரையில் உதைத்து உரத்த குரல் எழுப்பும். நாய்கள் விரட்டினால் நீரில் இறங்கி, கழுத்தளவு நின்று எதிர்க்கும். புள்ளிமான் கூட்டமாக வாழும். நிழலும் நீரும் புல்லும் கூடிய காட்டோரங்களை நாடும். மரத்தின் மேல் மந்திகள் தின்று சிந்தும் தழைகளுக்காக அடியில் வந்து கூடும். மந்தி குரல் கொடுத்தால் மான் ஓடும். இவ்விரண்டு இனங்களிலும் ஆணுக்கே கொம்பு உண்டு. அதுவும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. கேளையாடு நாயைப் போலக் குரைக்கும். பெரும்பாலும் தனித்துத் திரியும். சருகுமானோ முயலினும் சற்றே பெரியது. அதற்குக் கொம்பே இல்லை. உதிர்ந்த இலைகளின் நிறத்தோடு நிறமாக ஒடுங்கிக் கிடப்பதே அதன் பாதுகாப்பு.

இவற்றினின்றும் வேறுபட்டது வெளிமான். பெயருக்கேற்ப வெட்ட வெளியில் வாழ்வது. ஆண் கருமை படர்ந்த முதுகும் முறுக்கிய கொம்பும் உடையது. அக்கொம்பு உதிர்வதில்லை, ஆதலால் விலங்கு நூலார் இதனை மானினத்தில் சேர்க்காமல் இரலை இனத்தில் வைப்பர். ஒளிவதற்குக் காடில்லாத இதற்குக் கண்ணும் காலுமே துணை. தொலைவிலேயே பகையைக் கண்டு, துள்ளி எழுந்து, காற்றெனப் பறந்துவிடும்.

பழக்கமே வலையாதல்

இனி வேட்டை முறைகளைப் பாருங்கள். மானைக் காப்பாற்றும் பழக்கம் எதுவோ அதையே வேடன் கண்ணியாக மாற்றியிருக்கிறான்.

புள்ளிமான் நாள்தோறும் நீருக்கு வரும். ஆகவே நீர்த்துறையில் பரண் கட்டிக் காத்திருந்தான். மிளா உப்பு மண்ணை நக்க வரும், அங்கே மறைந்திருந்தான். சருகுமான் ஓடாமல் ஒடுங்கும். நாயை ஏவிக் கிளப்பி வலைக்குள் தள்ளினான். கூட்டமாக வாழும் மான், ஒன்று ஓடினால் மற்றவையும் அதன் பின்னே ஓடும். ஆகவே ஒரு பக்கம் வலையை நெடுக நட்டு, மறுபக்கம் பறையடித்து ஆரவாரித்தான். இமயமலையில் வாழும் கஸ்தூரி மான் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும். அத்தடத்தில் சுருக்குக் கண்ணி வைத்தனர். கஸ்தூரி ஆணிடம் மட்டுமே உண்டு. கண்ணிக்கோ ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, குட்டியும் தெரியாது. நாம் விரும்பிப் பூசிய ஒரு நறுமணத்துக்குப் பின்னால் இத்தனை வீண் சாவுகள் இருந்தன.

எல்லாவற்றினும் நுட்பமானது மானைக் கொண்டே மானைப் பிடிப்பது. இவ்வாறு பழக்கிய விலங்குக்குப் ‘பார்வை’ என்று பெயர். வேட்டுவர் குடியிருப்பின் முற்றத்தில் அது கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வடநாட்டில் இம்முறை எவ்வாறு நடந்தது என்பதை அக்பரின் அமைச்சர் அபுல் பஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் விளக்கியிருக்கிறார். பழக்கிய ஆண்மானின் கொம்பில் வலைச் சுருக்கைக் கட்டி வெளியில் விடுவார்கள். தன் எல்லைக்குள் வேற்று ஆண் நுழைந்ததைக் காட்டுமான் பொறுக்காது. சீறி வந்து மோதும். மோதிய கொம்பு சுருக்கில் மாட்டிக்கொள்ளும். மறைந்திருந்தவர்கள் ஓடி வந்து பிடித்துவிடுவார்கள். மானின் மானமே அதற்கு விலங்காயிற்று. இரவில் விளக்கை மறைத்துப் பிடித்து, மணியோசை எழுப்பி, ஒளியிலும் ஒலியிலும் மயங்கி வரும் மானை எய்யும் முறையையும் அந்நூல் கூறுகிறது.

அரசர்களின் கை தாழ்ந்த நேரம்

முகலாய வேந்தர்கள் பழக்கிய சிறுத்தைகளை ஏவி வெளிமானைத் துரத்தினர். ஆயிரக்கணக்கானோர் பெருவட்டமாகச் சூழ்ந்து, நாட்கணக்கில் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, நடுவில் சிக்கிய விலங்குகளை அரசர் வேட்டையாடுவதும் வழக்கம். 1578இல் பஞ்சாபில் பேரா என்னும் ஊரின் அருகே அத்தகைய வட்டம் சுருங்கி நின்ற வேளையில், அக்பர் திடீரென வேட்டையை நிறுத்தி, விலங்குகளை விட்டுவிட ஆணையிட்டார். அவர் உள்ளத்தில் அப்பொழுது நிகழ்ந்தது என்ன என்பதை வரலாற்றாசிரியர்கள் பலவாறு உரைப்பர். ஓங்கிய கை தாழ்ந்தது என்பது மட்டும் உறுதி.

அவர் மகன் ஜஹாங்கீர் வேட்டையில் பெரும் பித்துடையவர். அவரிடம் ‘மன்ஸ்ராஜ்’ என்ற மான் இருந்தது. காட்டுமான்களை வெல்வதிலும் பிடித்துக் கொடுப்பதிலும் அதற்கு நிகரில்லை. அது இறந்தபொழுது லாகூருக்கு அருகே, இன்றைய ஷேகுபுராவில், அதன் கல்லறை மேல் மான் வடிவில் கல் வைத்தார். அப்பகுதி மான்களை எவரும் வேட்டையாடலாகாது என்று தடை விதித்தார். அங்கே எழுந்த ஸ்தூபி ‘ஹிரன் மினார்’ என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. தன் இனத்தையே காட்டிக் கொடுக்கப் பழக்கப்பட்ட ஒரு மான், தன் மரணத்தால் அவ்வினத்துக்கு ஒரு புகலிடம் தேடித் தந்தது!

மார்க்கம் வகுத்த வரம்பு

இஸ்லாம் வேட்டையைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு எல்லை கட்டியது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை, இறைவனின் பெயர் கூறி ஏவிய நிபந்தனையோடு, திருமறை ஆகுமாக்கியது. கண்ணியில் கழுத்து நெரிந்து செத்தது ஆகாது. உயிரோடு கிடைத்து முறைப்படி அறுக்கப்பட வேண்டும். உயிருள்ள ஒன்றைக் கட்டி வைத்து அம்பெய்து பழகுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். குருவியின் குஞ்சுகளைத் தோழர் சிலர் எடுத்து வந்தபொழுது, தாய்க்குருவி சிறகடித்துத் தவிப்பதைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள்.

இஹ்ராம் அணிந்தவர் நிலத்து வேட்டையாடலாகாது. தவறி ஒரு மானைக் கொன்றால் அதற்கு ஈடாக ஓர் ஆட்டைக் கொடுக்க வேண்டும். கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகள் வந்து நிற்பதே ஒரு சோதனை என்று மாயிதா அத்தியாயம் உணர்த்துகிறது. இது சிந்திக்கத் தக்கது. எட்டாத மானை விடுவதில் சிறப்பில்லை. எட்டிய மானை விடுவதே சோதனையில் தேறுவது.

உமறு கண்ட பிணை

இப்பொழுது நம் படலத்துக்குத் திரும்புவோம். வேடன் ஒருவன் பெண்மானை வலைப்படுத்திக் கட்டி வைத்திருக்கிறான். புலியின் முழக்கம் கேட்டுக் கலையும் கன்றும் ஒருபுறம் சிதற, தான் மறுபுறம் ஓடி வலையில் வீழ்ந்ததை அம்மான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. பாலின்றித் துடிக்கும் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு மூன்று நாழிகையில் திரும்புவதாக வாக்களிக்கிறது. நபியவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் வாராவிடில் ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாகக் கூறுகிறார்கள். காட்டுக்குப் போன மான் மனிதரிடம் திரும்பியது உண்டா என்று வேடன் நகைக்கிறான். மானோ கலை தடுத்தும் கேளாமல், கன்றும் பின்தொடரத் திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

மான் முறையிட்ட இந்நிகழ்ச்சி இமாம் பைஹகீ அவர்களின் ‘தலாயிலுந் நுபுவ்வா’வில் இடம் பெற்றது. அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்ட ஹதீஸ் ஆய்வாளர்களும் உண்டு. நாம் ஈண்டுக் காண்பது காவியத்தின் கருத்தை. அரபு மண்ணில் புலி ஏது? எட்டயபுரத்துப் புலவர் தம் நாட்டுக் குறிஞ்சி நிலத்தையே அங்கே கொண்டு சென்றார். ஆகவே அந்த மானும் தமிழ் நீர் பருகிய மானே.

புலவரின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதையும் கவனியுங்கள். மானினத்துத் தாய் கன்றை ஈன்ற நாட்களில் அதைப் புல்லிலோ புதரிலோ மறைத்து வைத்துவிட்டுத் தான் அகன்று மேயும். பால் கொடுக்கும் வேளையில் மட்டும் திரும்பி வரும். கன்று அசையாது, குரல் எழுப்பாது, தாய்க்காகக் காத்திருக்கும். தாய் வாராவிடில் மறைந்த இடத்திலேயே மடியும். வேடன் தாயைப் பிடித்தால் இரண்டு உயிர்கள் போகும். ஒன்றை அவன் காண்கிறான், மற்றொன்றைக் காண்பதில்லை. காணப்படாத அந்த இரண்டாவது உயிரைத்தான் உமறு நம் கண்முன் நிறுத்தினார்.

‘பிணை’ என்ற சொல்லுக்குப் பெண்மான் என்பது பொருள். கட்டு என்பதும் பொருள். பிறர்க்காகப் பொறுப்பேற்று நிற்றல் என்பதும் பொருள். வேடன் அறிந்தது முதலிரண்டு பொருள்களை மட்டுமே. மூன்றாவது பொருளை அண்ணலார் அவனுக்குக் கற்பித்தார்கள். மான் கன்றிடம் திரும்பும் என்பது வேடனுக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை அவனைப் போன்றோர் வலையாக்கினர். அதே பழக்கம் அங்கே வாக்குறுதியாயிற்று.

வல்லநாட்டில் நிற்கும் மான்

இக்கதை பழங்கதையாக முடிந்துவிடவில்லை. தாமிரபரணியைப் பின்பற்றிக் காயல்பட்டினத்திலிருந்து மேற்கே சென்றால் வல்லநாட்டுக் குன்று வரும். முட்புதர் மண்டிய அக்குன்றில் வெளிமான்கள் வாழ்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் இதுவே என்பர். துப்பாக்கியும் மோட்டார் வண்டியின் விளக்கொளியும் வந்த பின் வேட்டையின் பழைய சமநிலை குலைந்தது. பரணில் இரவெல்லாம் காத்திருந்த வேடனுக்கு மானைப் பற்றிய அறிவாவது வேண்டியிருந்தது. விளக்கொளியில் திகைத்து நிற்கும் மானைச் சுடுவதற்கு எந்த அறிவும் வேண்டியதில்லை. மேய்ச்சல் வெளிகளும் வயலாகவும் சாலையாகவும் மாறின. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்து வேட்டையைக் குற்றமாக்கியது. 1987இல் வல்லநாட்டில் ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாயிற்று.

சட்டம் வேலி போடும். ஆனால் மான் வேலியை அறியாது. புல் கருகும் கோடையில் அது வயலில் இறங்கினால் உழவனுக்கு இழப்பு. அவ்விழப்பைப் பொருட்படுத்தாமல் மானைப் பற்றி மட்டும் பேசுவது நீதியாகாது. வேடனின் உரிமையையும் அண்ணலார் மறுக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவன் பிடித்த மானை அவர்கள் பறிக்கவில்லை. அவனுக்கு ஈடு கூறித்தான் பிணை நின்றார்கள். மானையும் காத்து, மனிதனின் இழப்பையும் தம் பொறுப்பில் ஏற்பதே பிணை. உழவனுக்கு ஈடு தராத கருணை, பிறன் பொருளில் செய்யும் தர்மமேயன்றி வேறில்லை.

கடற்கரை மக்களாகிய நமக்கு இது புதிதன்று. முத்துச் சிப்பிப் பார்களை முன்கூட்டிச் சோதித்து, சிப்பி முதிர்ந்து போதிய அளவு இருந்தாலன்றிக் குளிப்புக்கு அனுமதி கிடையாது என்ற ஒழுங்கு இக்கரையில் இருந்தது. அவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. தன் கண்முன்னே ஒரு செல்வம் மறைந்ததைக் கண்ட கரை இது.

சீறாவைக் கேட்கும் நம் பிள்ளைகள் மான் திரும்பி வந்த இடத்தில் மகிழ்கிறார்கள். அவர்களை ஒருமுறை வல்லநாட்டுக்கு அழைத்துச் சென்று, தொலைவில் நின்று அந்தக் கருமுதுகு இரலையையும் அதன் பிணையையும் காட்டுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உமறு பாடிய மான் தன் வாக்கைக் காத்தது. அதற்குப் பிணை நிற்கும் முறை இப்பொழுது நம்முடையது.