குறைந்த செலவு விளையாட்டுக் கணினி

குறைந்த செலவு விளையாட்டுக் கணினி என்பது, கணினி விளையாட்டுகளை ஏற்கத்தக்க தரத்தில் இயக்கும் பொருட்டு, வரையறுக்கப்பட்ட ஒரு தொகைக்குள் உறுப்புகளைத் தனித்தனியே தெரிவு செய்து பொருத்தப்படும் மேசைக் கணினி ஆகும். கடையில் முழுமையாக விற்கப்படும் கணினியை வாங்காமல், குடும்பத்தில் கணினி அறிந்த ஒருவர் தம் உறவினருக்காக உறுப்புகளைத் தெரிவு செய்து தருவது பரவலான வழக்கம். பணம் கொடுப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் பெரும்பாலும் ஒரு மாணவர் என்பதால், தெரிவில் நேரும் பிழையின் விளைவு தெரிவு செய்தவரைச் சேர்வதில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஐந்தாண்டுகளுக்குப் பயன்படுமா அல்லது ஓராண்டில் வீணாகுமா என்பது இத்தெரிவையே சார்ந்துள்ளது.

விளையாட்டுக் கணினியின் திறனை அதில் உள்ள மிக மெலிந்த உறுப்பே வரையறுக்கிறது. எனவே குறைந்த செலவில் அமைக்கும்போது, ஓர் உறுப்பைச் சிறந்ததாக வாங்குவதைக் காட்டிலும் எல்லா உறுப்புகளையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வாங்குவதே முதன்மையான விதியாகும்.

பின்னணி

1981 இல் வெளியான ஐ.பி.எம் தனியாள் கணினி, விரிவாக்க அட்டைகளைச் செருகும் வசதியைக் கொண்டிருந்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ் என்னும் அளவுத் தரத்தை வெளியிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் தாய்ப்பலகை, மின்வழங்கி, கேபினெட் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துவதற்கு இத்தரம் வழிவகுத்தது. 1996 இல் 3டி.எஃப்.எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டையும், 1999 இல் என்விடியாவின் ஜீஃபோர்சு 256 அட்டையும் வெளிவந்த பின்னர், முப்பரிமாணக் காட்சிகளை வரையும் பணி மையச் செயலகத்திலிருந்து வரைகலை அட்டைக்கு மாறத் தொடங்கியது.

2020 முதல் 2022 வரை, உதிரிப் பொருட் தட்டுப்பாட்டினாலும் எத்தீரியம் போன்ற மறைநாணயங்களை அகழ்வதற்கு அட்டைகள் வாங்கப்பட்டதாலும், வரைகலை அட்டைகளின் விலை பெரிதும் உயர்ந்தது. எத்தீரியம் தன் முறையை 2022 செப்டம்பரில் மாற்றிக்கொண்டதால், அட்டைகளைக் கொண்டு அதனை அகழ்வது முடிவுக்கு வந்தது. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. இதனால், ஓராண்டில் சிக்கனமானதாக இருந்த பட்டியல் மறு ஆண்டிலும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள இயலாது.

இயங்கும் முறை

திரையில் காணப்படும் அசைவு, நொடிக்குப் பலமுறை வரையப்படும் படச்சட்டங்களால் ஆனது. நொடிக்கு 60 படச்சட்டங்கள் வேண்டுமெனில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் ஆயத்தமாக வேண்டும். மையச் செயலகம் பாத்திரங்களின் இயக்கம், மோதல், விதிகள் ஆகியவற்றைக் கணிக்கிறது. வரைகலை அட்டை அக்கணிப்பைக் கொண்டு காட்சியை வரைகிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்த படச்சட்டங்களில் ஒரே நேரத்தில் உழைப்பதால், இரண்டில் மெதுவானதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, செயலகம் தன் பணியை 10 மில்லிநொடியிலும் அட்டை தன் பணியை 25 மில்லிநொடியிலும் முடித்தால், நொடிக்கு 40 படச்சட்டங்களே கிடைக்கும். கூடுதல் விலை கொடுத்து இருமடங்கு வேகமுள்ள செயலகத்தைப் பொருத்தினாலும் அந்த 40 மாறாது. அதே தொகையைக் கொண்டு அட்டையின் நேரத்தை 12.5 மில்லிநொடியாகக் குறைத்தால் 80 படச்சட்டங்கள் கிடைக்கும்.

வரைய வேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கையைத் திரை தீர்மானிக்கிறது. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் இது ஏறத்தாழ 1.8 மடங்காகவும், 3840 × 2160 திரையில் 4 மடங்காகவும் உயர்கிறது. ஆகையால் திரையை முதலில் முடிவு செய்து, அதன் பின்னரே அட்டையைத் தெரிவு செய்தல் முறையாகும். குறைந்த செலவுக் கணினிக்கு 1920 × 1080 திரையே பொருத்தமானது.

உறுப்புகளின் தெரிவு

வரைகலை அட்டை

கடைகளில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் இவ்வுறுப்பே விளையாட்டுக் கணினியின் செலவில் பொதுவாகப் பெரும்பங்கு பெறுகிறது. அட்டையின் வேகத்துடன் அதன் தனி நினைவகத்தின் அளவையும் கருத வேண்டும். நினைவகம் போதாதபோது அட்டை, தாய்ப்பலகையின் வழியே கணினியின் பொது நினைவகத்தை நாடுகிறது. அவ்வழி மிகவும் மெதுவானது என்பதால் காட்சி திக்கித் திக்கி நகரும். புதிய விளையாட்டுகளுக்கு 8 கிகாபைட்டு என்பதைக் கீழெல்லையாகக் கொள்ளலாம்.

பொருந்தாத சேர்க்கைக்கு 2022 சனவரியில் வெளியான ரேடியான் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி நல்ல எடுத்துக்காட்டு. 4 கிகாபைட்டு நினைவகம் கொண்ட இவ்வட்டைக்குத் தாய்ப்பலகையுடன் தொடர்புகொள்ள நான்கு தடங்களே உண்டு. பி.சி.ஐ.இ 4.0 தரமுள்ள கணினியில் இத்தடங்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட்டு தரவைக் கடத்தும். பழைய 3.0 தரக் கணினியில் இது பாதியாகிறது. விலை மலிவு என்று பழைய கணினியில் சேர்ப்பதற்காக இவ்வட்டையை வாங்கியவர்களுக்கே அதன் குறை மிகுதியாகத் தென்பட்டது. இன்டெலின் ஆர்க் அட்டைகளும், அவற்றின் நினைவகம் முழுவதையும் செயலகம் ஒருசேர அணுகும் வசதி இல்லாத பழைய தாய்ப்பலகைகளில் தம் வேகத்தில் கணிசமான பகுதியை இழக்கின்றன.

மையச் செயலகமும் தாய்ப்பலகையும்

இவ்விரண்டையும் ஒன்றாகவே தெரிவு செய்ய வேண்டும். செயலகத்தின் பொருத்துவாயும் தாய்ப்பலகையின் பொருத்துவாயும் ஒன்றாதல் வேண்டும். ஏ.எம்.டி நிறுவனத்தின் ஏ.எம்4 பொருத்துவாய் டி.டி.ஆர்4 நினைவகத்தை மட்டும் ஏற்கும். 2022 இல் வந்த ஏ.எம்5 பொருத்துவாய் டி.டி.ஆர்5 நினைவகத்தை மட்டும் ஏற்கும்.

பொருத்துவாய் ஒன்றாக இருந்தாலும் கணினி இயங்காத நிலை உண்டு. ரைசன் 5000 வரிசைச் செயலகங்களுக்கு முன்னரே தயாரிக்கப்பட்ட பி450 வகைத் தாய்ப்பலகையில் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்காவிடில் அச்செயலகம் அறியப்படாது. இதனைக் கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயரின் இறுதியில் உள்ள எழுத்துகளும் பொருளுடையவை. இன்டெல் கோர் ஐ3-12100எஃப் என்பதில் உள்ள எஃப், உள்ளமைந்த வரைகலை இல்லை என்பதைக் குறிக்கும். தனி அட்டை இன்றி இதில் திரை தெரியாது. மாறாக ரைசன் 5 5600ஜி என்பதில் உள்ள ஜி, வரைகலை உள்ளமைந்தது என்பதைக் குறிக்கும். பணம் இருமுறையாகக் கிடைக்கும் குடும்பத்தினர் இதனை முதலில் வாங்கி எளிய விளையாட்டுகளை ஆடலாம். அட்டையைப் பின்னர் சேர்க்கலாம். எனினும் இது பி.சி.ஐ.இ 3.0 தரத்தையே கொண்டது. இதன் மூன்றாம் நிலை இடைமாற்று நினைவகமும் 5600 இல் உள்ளதில் பாதியே ஆகும்.

நினைவகம்

ரேம் எனப்படும் இது 16 கிகாபைட்டு அளவில் இருத்தல் நலம். 16 கிகாபைட்டு துண்டு ஒன்றை வாங்குவதைவிட 8 கிகாபைட்டுத் துண்டுகள் இரண்டை வாங்கினால், செயலகம் இரு தடங்களின் வழியே தரவைப் பெறும். உள்ளமைந்த வரைகலையை நம்பியுள்ள கணினியில் இவ்வேறுபாடு மிகவும் புலப்படும்.

சேமிப்பகம்

பழைய வன்தட்டுக்கு மாறாக எஸ்.எஸ்.டி வகையையே முதன்மைச் சேமிப்பகமாகக் கொள்ள வேண்டும். 2023 இல் வெளியான பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டு, 150 கிகாபைட்டு இடத்தையும் எஸ்.எஸ்.டி-யையும் தன் தேவைகளாகக் குறிப்பிடுகிறது. இவ்வாறான விளையாட்டுகள் இரண்டு இருந்தாலே 256 கிகாபைட்டு சேமிப்பகம் போதாது.

மின்வழங்கி

கடைகளில் எஸ்.எம்.பி.எஸ் எனப்படும் மின்வழங்கி, விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதில்லை. அதனாலேயே பணம் குறையும்போது முதலில் வெட்டப்படும் உறுப்பாக இது உள்ளது. ஆனால் பழுதானால் இது ஏனைய உறுப்புகளையும் உடன் அழிக்கக்கூடும். கேபினெட்டுடன் இலவசமாகத் தரப்படும், பெயர் அறியப்படாத மின்வழங்கியைத் தவிர்க்க வேண்டும்.

தேவையான ஆற்றலைக் கணிப்பது எளிது. ரேடியான் ஆர்.எக்ஸ் 6600 அட்டை 132 வாட் வரையும், 65 வாட் எனக் குறிக்கப்படும் ரைசன் செயலகம் முழு உழைப்பில் 88 வாட் வரையும் எடுக்கும். ஏனையவற்றுக்கு 50 வாட் சேர்த்தால் மொத்தம் 270 வாட் ஆகும். நொடிப்பொழுது உச்சங்களையும் நாட்பட்ட தேய்மானத்தையும் கருதி 500 வாட் அளவுள்ளதை வாங்கினால் போதும். 750 வாட்டுக்குச் செலவிட வேண்டியதில்லை. 2004 இல் தொடங்கிய 80 பிளசு முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டும் அளக்கிறது. மிகுமின்னழுத்தம், குறுஞ்சுற்று ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பை அது உறுதி செய்வதில்லை.

மின்தடை மிகுந்த ஊர்களில் யூ.பி.எஸ் தேவைப்படும். 600 வி.ஏ எனக் குறிக்கப்படும் சிறிய யூ.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தர வல்லது. கணினியையும் திரையையும் சேர்த்துக் கணித்த பின்னரே அதனை வாங்க வேண்டும்.

மாதிரி அமைப்பு

ஒன்றுக்கொன்று பொருந்தும் உறுப்புகளுக்கு எடுத்துக்காட்டாகப் பின்வரும் அமைப்பைக் கூறலாம்.

• மையச் செயலகம்: ரைசன் 5 5600 (2022), 6 கருக்கள், 12 இழைகள். குளிர்விப்பான் உடன் வருவதால் தனியே வாங்க வேண்டியதில்லை.
• தாய்ப்பலகை: பி550 வகை. பி.சி.ஐ.இ 4.0 தரம் கொண்டது.
• நினைவகம்: டி.டி.ஆர்4 3200, 8 கிகாபைட்டுத் துண்டுகள் இரண்டு.
• வரைகலை அட்டை: ரேடியான் ஆர்.எக்ஸ் 6600 (2021), 8 கிகாபைட்டு.
• சேமிப்பகம்: 1 டெராபைட்டு எஸ்.எஸ்.டி.
• மின்வழங்கி: 500 வாட், அறியப்பட்ட நிறுவனத்தினுடையது.
• கேபினெட்: முன்புறம் வலையும் குறைந்தது இரு விசிறிகளும் உடையது.

இதில் எந்த உறுப்பும் அதன் வகையில் மிக உயர்ந்ததன்று. எனினும் எதுவும் மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஏதேனும் ஒன்று கிடைக்காதபோது அதற்கு மாற்றாக வருவதையும் இவ்வாறே ஏனையவற்றுடன் ஒப்பிட வேண்டும்.

பயன்படுத்திய பொருட்கள்

சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பயன்படுத்திய உறுப்புகளும் கிடைக்கின்றன. செயலகமும் நினைவகமும் எளிதில் தேய்வதில்லை என்பதால் அவற்றை வாங்குவதில் இடர் குறைவு. மறைநாணய அகழ்வுக்கு இடைவிடாது இயக்கப்பட்ட வரைகலை அட்டையில் விசிறியும் வெப்பத் திண்டுகளும் தேய்ந்திருக்கக்கூடும். அதனைக் குறைந்தது அரைமணி நேரம் முழு உழைப்பில் இயக்கிப் பார்த்து வாங்க வேண்டும். பழைய மின்வழங்கியை வாங்காதிருத்தலே நன்று.

வேகம் குன்றாத பொருளும் ஆதரவை இழக்கக்கூடும். 2017 இல் வெளியான ஜி.டி.எக்ஸ் 1080 டி.ஐ அட்டை 11 கிகாபைட்டு நினைவகம் கொண்டது. எனினும் கதிர்த் தடமறிதலுக்கான வன்பொருள் அதில் இல்லாததால், 2024 இல் வெளியான இண்டியானா ஜோன்சு அண்டு த கிரேட் சர்க்கிள் விளையாட்டை அதில் ஆட இயலாது. விலை குறைந்த ஆர்.எக்ஸ் 6600 அவ்விளையாட்டின் குறைந்தபட்சத் தேவையை நிறைவு செய்கிறது. 2025 அக்டோபருடன் 1080 டி.ஐ வரிசைக்கான விளையாட்டு இயக்கி மேம்பாடுகளும் நிறுத்தப்பட்டன.

அலுவலகங்களில் கழிக்கப்பட்ட கணினிகளுக்கும் இது பொருந்தும். விண்டோசு 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலகங்களில் பெரும்பாலானவற்றை விண்டோசு 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோசு 11 இல் வலரண்ட் விளையாட்டு இயங்க டி.பி.எம் 2.0 பாதுகாப்புக் கூறும் தேவை.

உறவினருக்காக அமைத்தல்

தெரிவுக்கு முன் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. எவ்விளையாட்டுகள் ஆடப்படும், படிப்புக்கு எம்மென்பொருள் தேவை, திரை ஏற்கெனவே உள்ளதா, விசைப்பலகை, சுட்டி, இயங்குதள உரிமம் ஆகியவை தொகைக்குள் அடங்குமா என்பன அவையாகும். இவற்றைக் கேளாது கணினிப் பெட்டிக்கே முழுத் தொகையும் செலவிடப்பட்டால், திரை வாங்கப் பணம் இராது.

பட்டியல் விலையுடன் ஒவ்வொரு உறுப்பின் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வைத்தல் நலம். விலைச்சீட்டுகளைப் பயன்படுத்துபவரின் பெயரிலேயே பெற்று அவரிடமே ஒப்படைக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் வெளியூர் சென்றாலும் அவர் தாமே கடையை அணுக இது உதவும்.

பொருத்திய பின் நான்கு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். திரையின் கம்பி தாய்ப்பலகையில் அல்லாது வரைகலை அட்டையில் செருகப்பட்டிருக்க வேண்டும். நினைவகத் துண்டுகள் தாய்ப்பலகையின் கையேடு காட்டும் இடங்களில் இருக்க வேண்டும். நான்கு இடங்கள் உள்ள பலகையில் அவை பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும் ஆகும். பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி தெரிவை இயக்காவிடில், 3200 எனக் குறிக்கப்பட்ட நினைவகம் அதனினும் குறைந்த வேகத்திலேயே இயங்கக்கூடும். 144 ஹெர்ட்சு திரையாயின் அவ்வெண்ணை இயங்குதளத்தில் தெரிவு செய்ய வேண்டும்; இல்லையேல் அது 60 ஹெர்ட்சிலேயே இயங்கக்கூடும். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. ஆனால் இவற்றுள் ஒன்று தவறினாலும், வாங்கிய திறனில் ஒரு பகுதி பயன்படாமலே போய்விடும்.