பதினாலு மாடியும் முள்ளுக்காடும்

மெட்ராஸ் போய்த் திரும்பியவர்களிடம் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் தவறாமல் கேட்கப்பட்ட கேள்வி, "பதினாலு மாடி பாத்தியா?" கடல் பார்த்தாயா என்பதுகூட அதற்கு அடுத்ததுதான். கருப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் ஊரைவிட்டு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு ஷாட், மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தை அண்ணாந்து பார்த்து ஒரு ஷாட் போதும். பிழைக்க வந்தவன் என்பது புரிந்துவிடும்.

அந்தக் கட்டிடத்தின் உயரம் 177 அடி. காரியாபட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. வித்தியாசம் ஒரு ஆள் உயரம்தான். எங்கள் சனங்கள் கோபுரத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். ஆனால் கோபுரத்துக்குள் யாரும் ஃபைல் பார்ப்பதில்லை, லிஃப்டில் ஏறி மேல்மாடிக்குப் போய் கையெழுத்து வாங்குவதில்லை. மனுசன் புழங்குகிற உயரம் என்பதுதான் வாயைப் பிளக்க வைத்தது.

அதைக் கட்ட நினைத்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர், யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் தலைவர். கம்பெனிக்குத் தலைமையகமாகத்தான் அந்தக் கட்டிடம் திட்டமிடப்பட்டது. பிரவுன், மவுலின் என்ற இரண்டு கட்டிடக் கலைஞர்கள் வரைந்தார்கள்; எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். சுண்ணாம்பும் செங்கல்லுமாகச் சுவரே பாரம் தாங்கி நின்ற ஊரில், கான்கிரீட் தூண்கள் பாரத்தை வாங்கிக்கொள்ள, சுவர் வெறும் மறைப்பாக மாறியது இங்கிருந்துதான் என்று சொல்லலாம். சுவரை நம்பிக் கட்டினால் மேலே போகப் போகக் கீழ்ச்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கீழ்மாடியில் சுவர்தான் இருக்கும், அறை இருக்காது. தூண் வந்தபிறகுதான் உயரம் கட்டுப்படியாகும் விசயமானது.

செட்டியார் கட்டிடம் முடிந்து பார்க்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956 ஜனவரியில் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமை ஆக்கியது, செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. கட்டிடமும் கைமாறியது. 1959 ஆகஸ்ட் 23 அன்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். 1961ல் பம்பாயில் அதைவிட உயரமாக ஒன்று எழும்பும்வரை இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னச் சங்கதி உண்டு. செட்டிநாட்டின் பெரும்பகுதியும் எங்கள் காரியாபட்டியும் அப்போது ஒரே மாவட்டம்: பழைய ராமநாதபுரம். 1985ல்தான் பிரித்தார்கள். தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்களைத் தண்டனைக்கு மாற்றிவிடுகிற மாவட்டம். அங்கே விளைச்சலை நம்ப முடியாதென்று செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வைக்கப் போனார்கள். அதே காரணத்துக்காகத்தான் எங்கள் பக்கத்துச் சனங்கள் மண்வெட்டியோடு பஸ் ஏறினார்கள். ஒருவர் கொண்டுவந்தது மூலதனம், இன்னொருவர் கொண்டுவந்தது உடம்பு. மெட்ராஸின் உயரத்துக்கு இந்த இரண்டும் ஒரே வறட்சியிலிருந்து போயிருக்கிறது.

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தி, சோளம், கம்பு. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் அது செய்தி. ஐப்பசி மழை ஏமாற்றினால் தை மாதம் வீட்டில் ஆம்பளை இருக்க மாட்டார். பாதிப்பேர் கரிமூட்டம் போடப் போவார்கள், மீதிப்பேர் சித்தாளாக வெளியூர் போவார்கள். சித்தாளாகப் போனவர் நாலைந்து வருசத்தில் கரண்டி பிடித்தால் கொத்தனார். இன்னும் சாமர்த்தியம் இருந்தால் மேஸ்திரியாகி, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போவார். பெண்களுக்கு இந்த ஏணி கிடையாது. இருபது வருசம் கலவைச் சட்டி சுமந்தாலும் சித்தாள் சித்தாள்தான். கரண்டியை அவர்கள் கையில் கொடுத்த சைட்டை நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் எண்பதுகளில் மெட்ராஸில் சாரம் கட்டினவர். மூங்கிலும் கயிறும்தான் அன்று. "எந்த மாடியில யாரு இருக்கான்னே தெரியாதுப்பா. சனிக்கெழம சாயங்காலம் மட்டுந்தான் எல்லாரும் கீழ எறங்கி ஒண்ணா நிப்போம், சம்பளத்துக்கு" என்பார். விழுந்தவர்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டால், "ஊருக்குப் பஸ் காசு" என்பார். அவர் காலத்தில் கைக்குப் பெரிதாக வேறெதுவும் வந்ததில்லை. தொழிலாளர்கள் பல வருசம் போராடித்தான் 1994ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. 1996ல் மத்தியச் சட்டம். கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தை வாரியத்துக்குக் கட்ட வேண்டும் என்பது நடைமுறை. பதிவு செய்துகொண்டால் விபத்துக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும்.

இந்தக் காலகட்டத்தில் மெட்ராஸில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. நிலத்தை விற்காமல் காற்றை விற்கக் கற்றுக்கொண்டார்கள். சும்மா சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான். ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி. எங்கள் ஊர்க் கணக்கில் ஐந்தரை செண்ட். அதன்மேல் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்று அரசு ஒரு விகிதம் வைத்திருக்கிறது. தளப்பரப்புக் குறியீடு என்று பெயர். அது 2 என்றால் 4800 சதுர அடி வரை மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொள்ளலாம். 2019 விதிகளின்படி சாதாரணக் கட்டிடத்துக்கு 2, உயரக் கட்டிடத்துக்கு 3.25. அகலமான ரோட்டில் பெரிய மனை வைத்திருப்பவர் உயரப் போனால், அதே மண்ணில் ஒன்றரை மடங்குக்குமேல் விற்க முடியும். ரோடு அகலமானால் மனையின் மதிப்பு குதிப்பதன் ரகசியம் இதுதான்.

வீடு வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது? பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பாகம்' என்று எழுதுவார்கள். நூறு வீடு இருக்கிற இடத்தில் நிலத்தின் நூற்றில் ஒரு பங்கு உங்களுடையது. எது என்று கேட்கக்கூடாது, கல் ஊன்றிக் காட்ட முடியாது. ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பி பத்து வருசம் கோர்ட்டுக்கு நடக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது விளங்க ரொம்ப நாளாகும்.

விதிகளை மீறுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1971ல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பெருநகர் வளர்ச்சிக்கென்றே ஒரு அமைப்பும் வந்தது. 1975 ஜூலையில் எல்.ஐ.சி. கட்டிடம் தீப்பிடித்து எரிந்தபோது தீயணைப்பு ஏணி மேல்மாடிகளுக்கு எட்டவில்லை. அப்படி ஒரு பாடத்துக்குப் பிறகும் தி.நகர் தெருக்களில் வண்டி நுழைய முடியாதபடி அடுக்குக் கடைகள் முளைத்தன. 1998ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் வரன்முறை செய்து தருகிறோம் என்றார்கள். ஒருமுறை மட்டும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்த வருசங்களில் நீட்டினார்கள். 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் முதல்முறை செல்லும், நீட்டித்ததெல்லாம் செல்லாது என்றது. அபராதத்தையும் சேர்த்து விலை போடத் தொழில் பழகிவிட்டது என்பதுதான் என் அபிப்பிராயம்.

2014 ஜூன் 28 சனிக்கிழமை. போரூர் பக்கம் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் மாலை மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சாயவில்லை, உட்கார்ந்தது. மாடிகள் ஒன்றின்மேல் ஒன்று அப்பளம் மாதிரி அடுக்கிக்கொண்டன. 61 பேர் செத்தார்கள். 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். செத்தவர்களில் நிறையப்பேர் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்து ஆந்திரக்காரர்கள், ஒடிசாக்காரர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன் நின்ற இடத்தில் இப்போது அவர்கள். வறண்ட ஊரின் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். செய்தியைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா சொன்ன சனிக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

அந்தத் திட்டத்தின் பெயர் 'ட்ரஸ்ட் ஹைட்ஸ்'. நம்பிக்கையின் உயரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டிடங்கள்: ஒன்று 'பிலீஃப்', இன்னொன்று 'ஃபெய்த்'. தமிழில் இரண்டுக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல்தான். கட்டியவர்கள் தரப்பில் முதலில் மின்னல் மேல் பழி போட்டார்கள். அரசு நியமித்த நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது. குறை வானத்தில் இல்லை, கட்டமைப்பு வடிவமைப்பில் என்று வந்தது. மிச்சமிருந்த கட்டிடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்து இடித்தார்கள். டிவியில் நேரலை. சில வினாடிகளில் 11 மாடியும் தூசி. 

அதே 2016ல் காரியாபட்டியிலும் ஒரு கலவரம், சத்தமில்லாமல். மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலை வந்தபிறகு ரோட்டோரம் முள்ளுக்காட்டைத் தள்ளி, வளைவு கட்டி, கலர்க் கொடி நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் ஊன்றி பிளாட் போட்டிருந்தார்கள். வாங்கினவர்களில் பலபேர் மெட்ராஸிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துச் சேர்த்தவர்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது மந்திரச்சொல். தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டினால் போதும், அட்வான்ஸ் கைமாறும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறையிடம் இருக்கிறது என்பது வாங்கினவர்களுக்குத் தெரியாது. விற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2016 செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. விளைநிலம் கணக்கில்லாமல் மனையாகிறது என்பது வழக்கின் சாரம். பதிவு அலுவலகங்கள் காற்று வாங்கின. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று மூன்று செண்ட் வாங்கிப் போட்டவர்களுக்குத் தூக்கம் போனது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சொன்னார்கள். தீர்ப்பு நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பிளாட் போட்டவர் காசோடு போய்விட்டார். வரன்முறைக் கட்டணம் வாங்கினவர் தலையில் விழுந்தது.

இன்னும் அந்தப் பிளாட்டுகளில் பாதிக்குமேல் வீடு இல்லை. மனைக்கல்லைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மறுபடி ஏறிவிட்டது. மெட்ராஸில் நிலம் தெரியாமல் வீடு விற்கிறார்கள், இங்கே வீடு வராமல் நிலம் விற்கிறார்கள்.

கட்டிடத்துக்கு வேண்டிய இன்னொன்றும் எங்கள் ஊரில் இருக்கிறது: கல். ஆற்றுமணல் அள்ளித் தீர்ந்தபிறகு பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட்தான் கலவைக்கு. ஜல்லியும் பாறைதான். வானம் பார்த்த பூமியில் பாறை மழையைக் கேட்பதில்லை, அதனால் குவாரி வருசம் முழுக்க ஓடும். 2024 மே 1, தொழிலாளர் தினத்தன்று, காரியாபட்டி அருகே ஆவியூர் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்து இருந்த இடம் வெடித்தது. மூன்று தொழிலாளர்கள் உடல் சிதறிச் செத்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் வீடுகள் அதிர்ந்தன. சுவரில் விரிசல் விட்டதென்று சனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். ஊரில் அந்த விரிசல்களைச் சிலர் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்கள். சிலர் இன்னும் அடைக்கவில்லை, அதிகாரி வந்தால் காட்டுவதற்கு.