தேயிலை மலையும் வளைந்த இரத்த அணுவும்

பிள்ளை வெளிறி மெலிந்தால் மருமகளின் வழியைப் பழிப்பது நம்மவரிடையே புதிதன்று. வெளிறிய பிள்ளைக்கெல்லாம் பரம்பரை நோய் என்பதுமில்லை. கொக்கிப்புழுவும் இரும்புச்சத்துக் குறைவும் தோட்டங்களுக்குப் பழைய பகைவர்கள். ஆயினும் பரம்பரையாய் வரும் இரத்த நோய்கள் உண்டு. அவற்றின் சரித்திரத்தில் முக்கியமான ஏடுகள் சில தேயிலை மலைகளில் எழுதப்பட்டவை.

1952இல் ஹேர்மன் லேமன் என்னும் வைத்திய விஞ்ஞானியும் மேரி கட்புஷ் அம்மையாரும், நீலகிரி ஆதிக்குடிகளின் இரத்தத்தில் அரிவாளணுக் கூறு உண்டென வெளியிட்டனர். லேமன் 1910இல் ஜேர்மனியில் யூதராய்ப் பிறந்து, ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்திற் புகலடைந்தவர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் நம் உறவினர் பலர் சென்று குடியேறிய அதே நீலகிரிதான்!

அவ்வாண்டிலேயே மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் இருப்பதை டன்லப், மசும்தார் என்னும் இருவர் எழுதினர். அத்தொழிலாளர் பீகார், ஒரிசாப் பக்கங்களிலிருந்து தோட்டத்திற்கு வந்த மக்கள். நம் முன்னோர் வந்த வழியை நினையாமல் இதைப் படிக்க முடியவில்லை.

செவ்வணு இயல்பில் வட்டமானது. இந்நோயில் அதனுள்ளிருக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவை விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அணு கவ்வாத்துக் கத்திபோல் வளைகிறது. நுண்ணிய குழாய்களை அடைத்துக் கடும் நோவு தருகிறது. விரைவில் அழிந்தும் போகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்கூறு வந்தாலே இந்நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை பெரும்பாலும் சுகமாகவே வாழும். கூறு தாங்கிய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். ஆகவே மருமகளை மட்டும் பழிப்பது கணக்கிலேயே பிழை. ஒரே பாட்டனின் கூறு இரு கிளைகளிலும் இறங்கியிருக்கக்கூடுமாதலால், நெருங்கிய முறைமணத்தில் அபாயம் கூடுகிறது.

ஆபிரிக்கருக்கும் நீலகிரியாருக்கும் பண்டை உறவுண்டோ என்றே அக்காலத்து அறிஞர் முதலில் ஆராய்ந்தனர். இனந்தேடும் மோகம் அன்று பெரிது! 1954இல் அலிசன், இக்கூறு தாங்கியவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று காட்டினார். 1980களின் மரபணுச் சோதனைகள், இந்திய வகை ஆபிரிக்க வகைகளிலிருந்து தனித்துத் தோன்றியதென்றன.

இலங்கையில் அதிகம் காணப்படுவது தலசீமியா. சிங்கப்பூரில் இளம் படைவைத்தியராயிருந்தபோது ஒரு கூர்க்காக் குழந்தையிடம் அந்நோயைக் கண்ட டேவிட் வெதரோல், பிற்காலத்தில் நம் நாட்டு வைத்தியர்களோடு சேர்ந்து குருநாகலையில் ஆராய்ந்தார். ஒரே கூறுகள் கொண்ட நோயாளருள்ளும், சிலருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டியிருக்க, சிலர் அதின்றியே வளர்வதை அங்கு கண்டனர்.