கறுப்புப் பட்டை கட்டிய ஆசிரியர்

அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு எதிர்ப்பு வலுத்திருந்த நேரம். 1969 நவம்பர் 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் அடிசன் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர் சார்லஸ் ஜேம்ஸ் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். போரையே ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். கழற்றச் சொன்னது பள்ளி நிர்வாகம். மறுத்ததால் சஸ்பெண்ட். பள்ளியில் அரசியல் கூடாது என்ற நிபந்தனையோடு மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 12 அன்று மறுபடியும் பட்டையோடு வந்தார். 1970 ஜனவரியில் வேலையே போய்விட்டது.

இத்தனைக்கும் வகுப்பில் ஒரு சலசலப்பும் இல்லை. அவர் பிரசாரமும் செய்யவில்லை. மாணவர்களோ பதினொன்றாம் வகுப்பு, பச்சைக் குழந்தைகள் அல்ல. வேடிக்கை என்னவென்றால், அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியர் 'கௌரவத்துடன் அமைதி' என்ற வாசகத்தை வகுப்பறைப் பலகையில் வைத்திருந்தார். அது அரசின் போர்க் கொள்கையோடு சேர்ந்த கோஷம். அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை! 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஓரவஞ்சனையையும் சுட்டிக்காட்டி ஜேம்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது.

அதற்காக எதை வேண்டுமானாலும் அணியலாம் என்று ஆகிவிடவில்லை. 2008 தேர்தலின்போது நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆசிரியர்கள் வேட்பாளர் பேட்ஜ் குத்தக்கூடாது என்றது நிர்வாகம். ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டது. இந்தத் தடை எல்லாக் கட்சிக்கும் பொது. மாணவர் முன்னால் பேட்ஜ் கூடாது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். மாணவர் நடமாட்டம் இல்லாத இடத்திலுள்ள சங்கப் பலகையில் தேர்தல் தாள்களை ஒட்ட அனுமதி கிடைத்தது.