இழுபடும் நாடாவும் இடம்பெயரும் விளக்கமும்

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடற்கரைக் கைப்பந்து ஆடிய அமெரிக்க வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில், சிலந்திக் கால்களைப்போல் விரிந்து ஒட்டியிருந்த கறுப்பு நாடா பலர் கண்ணையும் ஈர்த்தது. அப்போட்டியையொட்டி 58 நாடுகளுக்கு 50,000 சுருள்கள் இலவசமாக வழங்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் இயன்முறை மருத்துவர்கள் மட்டுமே அறிந்திருந்த நாடா அதன்பின் கடைத்தெருவுக்கு வந்தது.

இந்நாடாவின் வரலாற்றைத் தனியே படித்தால் அது ஒரு ஜப்பானியரின் கண்டுபிடிப்புக் கதை. இதற்கு முந்தைய இழுபடாத நாடாவின் கதையோடு சேர்த்துப் படித்தால் வேறொன்று புலப்படும். அளவீடு ஒரு விளக்கத்தை வீழ்த்தும்போதெல்லாம் நாடா இருந்த இடத்திலேயே இருந்தது. விளக்கம் மட்டும் இடம்பெயர்ந்தது.

நியூயார்க் அறுவை மருத்துவர் விர்ஜில் கிப்னி 1895இல் ஒரு முறையை எழுதினார். சுளுக்கிய கணுக்காலின் மீது ஒட்டுப்பட்டைகளைக் கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஊன்றுகோலின்றி நோயாளியை நடக்கவிடும் முறை அது. நீளாத பட்டை, மூட்டு எல்லைமீறித் திரும்புவதைத் தடுக்கும் என்பதே விளக்கம். இதை ராரிக்கும் அவருடன் பணியாற்றியோரும் 1962இல் அளந்து பார்த்தனர். 10 நிமிடக் கடும் பயிற்சிக்குள் பட்டை தந்த பிடிப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டது. தோல் நகர்கிறது, வியர்வை ஊறுகிறது, பசை நெகிழ்கிறது, வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் பட்டையைக் கைவிடவில்லை. பட்டை மூட்டைப் பிடிப்பதில்லை, மூட்டின் நிலையை நரம்புகளுக்கு உணர்த்துகிறது என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது.

கைரோபிராக்டிக் சிகிச்சையாளரான கென்சோ காசே 1970களில் உருவாக்கிய நாடா, பிடிப்பு என்ற எண்ணத்தையே ஒதுக்கியது. பருத்தித் துணியில் மீள்தன்மையுள்ள இழைகள். நீளவாக்கில் மட்டும் நீட்சி. அலையலையாகப் பூசிய அக்ரிலிக் பசை. காகிதத்தில் ஒட்டும்போதே அது சிறிது இழுக்கப்பட்டிருக்கும். உரித்தபின் இயல்பான நீளத்தைவிட 40 முதல் 60 விழுக்காடு கூடுதலாக நீளும். உடலில் ஒட்டியதும் அது சுருங்கித் தோலில் மடிப்புகளை எழுப்பும், அதனால் தோலடியில் இடம் விரிந்து குருதியும் நிணநீரும் எளிதாக ஓடும் என்றார் காசே.

இங்கே சொற்களைச் சற்று நின்று பார்க்கலாம். பொருளின் உள்ளே எழும் எதிர்விசையைத் தகைவு என்றும், அதனால் வடிவில் நேரும் மாற்றத்தைத் திரிபு என்றும் தமிழ் இயற்பியல் பாடநூல்கள் பிரிக்கின்றன. திரிபு இலக்கண மாணவருக்கும் பழகிய சொல்தான். நாடாவைப் பற்றிய அளவுகள் பெரும்பாலும் திரிபின் அளவுகள்; கூற்றுகளோ தகைவைப் பற்றியவை. இத்தகைய பொருள்களை ஒரே நீட்சியில் நிறுத்தி வைத்தாலும் தகைவு நேரம் செல்லச் செல்லத் தளரும். காலையில் ஒட்டிய நாடாவின் இழுவிசை மாலையில் அப்படியே இருப்பதில்லை.

திசை பற்றிய கூற்று இன்னும் சிக்கலானது. தசை தொடங்கும் முனையிலிருந்து முடியும் முனை நோக்கி ஒட்டினால் தசை ஊக்கம் பெறும். எதிர்த்திசையில் ஒட்டினால் தளரும் என்று கற்பிக்கப்படுகிறது. இருமுனையும் ஒட்டப்பட்ட மீள்பட்டை இரு முனைகளையும் நடுவை நோக்கிச் சமமாகவே இழுக்கும். எம்முனை முதலில் ஒட்டப்பட்டது என்ற நினைவு அதற்கு இல்லை.

சோதனைகளும் பின்னர் வந்தன. பிரேசிலில் நாள்பட்ட இடுப்புவலியுடைய 148 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு நாடாவை இழுத்து மடிப்பு எழும்படி ஒட்டினர். மற்றதற்கு இழுக்காமல் ஒட்டினர். வலியிலும் இயலாமையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஹாங்காங்கில் 2015இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. நாடாவைத் தசையுணரி என்று சொல்லி, நலமுள்ள 30 பேரின் தொடையில் ஒட்டினர். அவர்களின் கண்களையும் கட்டினர். ஒட்டப்படுவது எதுவென்று அறியாதபோது, தசையின் வலிமை கூடவில்லை.

பிரேசில் ஆய்வில் இரு குழுவினருக்கும் வலி குறையவே செய்தது. நாள்போக்கில் தானே குறைந்ததா, நாடா ஒட்டிய கையின் கவனிப்பால் குறைந்ததா என்பதை அவ்வாய்வின் அமைப்பு பிரித்துக் காட்டாது. இடுப்புவலியோடு வருபவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. நாடாவைப் பெற்றவர், கடினமான ஆனால் சான்றுள்ள உடற்பயிற்சியைத் தள்ளிப்போடக்கூடும்.

தோலில் ஏதோவொன்று படிந்திருக்கும் உணர்வே வலியை மட்டுப்படுத்துகிறது என்ற விளக்கமும் இப்போது முன்வைக்கப்படுகிறது. அவ்விளக்கத்தில் நாடாவின் நீட்சிக்கு வேலையே இல்லை. இருந்தும், நாடாவை எத்தனை விழுக்காடு இழுத்து ஒட்டவேண்டும் என்ற பட்டியல் பயிற்சி வகுப்புகளில் இன்னும் கற்பிக்கப்படுகிறது.