மின்சாரம் தரும் ஜன்னல் கண்ணாடி: பிச்சாட்டூர் வெயிலுக்கு ஏற்றதா?

வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். அதே வெளிச்சத்திலிருந்து மின்சாரமும் எடுக்க வேண்டும். சூரிய மின் ஜன்னல் சந்திக்கும் முதன்மைச் சிக்கல் இதுவே. கூரைகளில் பொருத்தப்படும் சிலிக்கான் தகடுகள் கறுத்திருப்பதற்குக் காரணம், விழும் ஒளியில் பெரும்பகுதியை அவை விழுங்கிவிடுவதுதான். ஜன்னலுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் சூரிய ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு, புற ஊதாக் கதிர்களாகவே வருகிறது. அவற்றை மட்டும் உறிஞ்சும் கரிமப் பூச்சைக் கண்ணாடியில் படியவைத்தால், பூச்சுக்குள் விடுபடும் எலெக்ட்ரான்களை மெல்லிய மின்முனைகள் திரட்டி மின்னோட்டமாக்குகின்றன. மற்றொரு முறையில், கண்ணாடியில் கலந்த சாயம் கதிர்களை உறிஞ்சி வேறு அலைநீளத்தில் உமிழ்கிறது. அந்த ஒளி முழு அக எதிரொளிப்பால் ஓரங்களுக்குச் சென்று, சட்டத்தில் மறைந்திருக்கும் மின்கலங்களை அடைகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லன்ட் குழுவினர் 2014-இல் இவ்வகைக் கண்ணாடியை உருவாக்கினர். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்வி நிறுவன வளாகத்திலுள்ள மாநாட்டு அரங்கின் முகப்பில், மைக்கேல் கிரெட்செல் வழிவந்த சாய மின்கலக் கண்ணாடிகள் இடம்பெற்றன.

கூரைத் தகடுகள் ஏறத்தாழ 20 சதவீத வெயிலை மின்சாரமாக்குகின்றன. தெளிந்த ஜன்னல்களுக்குக் கோட்பாட்டு உச்சமே ஏறத்தாழ அவ்வளவுதான். நடைமுறையில் கிடைப்பது அதில் சிறு பங்கு.

இனி ஊரின் இருப்பிடம். திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பிச்சாட்டூர் சுமார் 13.4 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. உச்சிவெயில் இங்கு ஏறக்குறைய தலைக்கு நேரே விழும். மார்ச் 21 நண்பகலில் தெற்கு ஜன்னலில் படும் நேர் வெயில், மட்டமான கூரையில் படுவதில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால், அந்த ஜன்னலுக்கு நண்பகலில் நேர் வெயிலே கிட்டாது. ஐரோப்பியக் கட்டடங்களின் கணக்கை இங்கு அப்படியே பொருத்த முடியாததன் காரணம் இதுதான்.

எனவே சொந்தக் கூரை உள்ள வீட்டுக்காரருக்கு மொட்டைமாடியே முதல் தெரிவு. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரை அமைப்புக்கு ரூ.78,000 வரை மானியமும் உண்டு. மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடியாக எழுப்பப்பட்டு, மாலைவரை குளிரூட்டி ஓடும் பல மாடி அலுவலகங்களின் நிலை வேறு. அங்கு கூரைப் பரப்பு குறைவு. அகச்சிவப்பை உறிஞ்சும் கண்ணாடி மின்சாரம் தருவதோடு, அறைக்குள் புகும் வெப்பத்தையும் குறைக்கும்.