தேக்கத்தைத் தாண்டியவர்: பென் ஹோகனின் பதினாறு ஆண்டுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பி.எட். படித்தவர்களுக்குக் 'கற்றல் வளைகோடு' நினைவிருக்கும். புதிதாக ஒரு திறனைக் கற்கும்போது கோடு முதலில் விறுவிறுவென்று ஏறும். பிறகு எவ்வளவு உழைத்தாலும் ஏறாமல் சமதளமாகக் கிடக்கும். இதைத்தான் தேக்கநிலை என்கிறோம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1897-லும் 1899-லும் தந்தி ஊழியர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தந்தி ஒலியை எழுத்து எழுத்தாகக் கேட்டுப் பழகியவர் ஒரு வேகத்தோடு நின்றுவிடுகிறார். முழுச் சொல்லாக, முழுத் தொடராகக் கேட்கும் பழக்கம் வந்த பிறகே அவருடைய கோடு மறுபடி ஏறுகிறது. அதாவது, அதே வேலையை வேறு விதமாகச் செய்யக் கற்றால்தான் மேலே போக முடியும்.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு கோல்ஃப் விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறது. நம்மில் பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்க மாட்டோம். பரவாயில்லை, கதை புரியும்.

பென் ஹோகன் 1912-ல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். ஹோகனுக்கு ஒன்பது வயதானபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். குடும்பம் நொடித்தது. பையன் ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றான். பிறகு ஃபோர்ட் வொர்த் நகரின் கோல்ஃப் கிளப் ஒன்றில் 'கேடி' ஆனான். சிரிக்காதீர்கள், பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ஆளுக்கு அங்கே அதுதான் பெயர்! அதே கிளப்பில் பை சுமந்த இன்னொரு பையன் பைரன் நெல்சன். பின்னாளில் அவரும் உலகப் புகழ் பெற்றார்.

ஹோகன் 1930-ல், பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. கையிருப்பு தீர்ந்து ஊர் திரும்புவதும், காசு சேர்த்துக்கொண்டு மறுபடி கிளம்புவதுமாக ஆண்டுகள் போயின. நெல்சன் 1937-லேயே மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றுவிட்டார். ஹோகன் தனி ஆளாக முதல் போட்டியை வென்றது 1940 மார்ச்சில், வடக்குக் கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில். இடைப்பட்டது முழுதாகப் பத்து ஆண்டுகள்.

தடையாக இருந்தது ஒரே குறை. அவர் அடித்த பந்து திடீரென்று இடப்பக்கம் வளைந்து, தாழ்ந்து, தரையில் உருண்டோடிவிடும். இதை 'ஹூக்' என்பார்கள். ஆனால் சிறிய உடல்வாகுள்ள அவருக்குத் தூரத்தைக் கொடுத்ததும் அந்த அடிதான். அவருக்குச் சோறு போட்டதும் அதுதான், காலை வாரியதும் அதுதான்.

அந்த நாட்களில் அவருக்குத் துணை நின்றவர் ஹென்றி பிக்கார்ட் என்ற மூத்த வீரர். 'பணம் தீர்ந்தால் என்னிடம் வா, பயப்படாமல் ஆடு' என்ற பொருளில் அவர் வாக்குக் கொடுத்தார். ஹோகன் அந்தப் பணத்தைக் கேட்கவே நேரவில்லை. வாக்கு கொடுத்த தெம்பே போதுமானதாக இருந்தது. தம் முதல் புத்தகத்தை ஹோகன் பிக்கார்டுக்கே காணிக்கையாக்கினார்.

1940-க்குப் பிறகு வெற்றிகள் குவிந்தன. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதிகப் பரிசுப்பணம் ஈட்டியவரும் அவரே. ஆனாலும் பெரிய பட்டங்கள் கைக்கு எட்டவில்லை. 1946-ல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன் இரண்டையும் கடைசிக் குழியருகே கோட்டைவிட்டார்.

என் பார்வையில் இந்த இரண்டாவது தேக்கம்தான் முதலாவதைவிட ஆபத்தானது. தோற்றுக்கொண்டே இருப்பவன் எப்படியும் மாறியாக வேண்டும். ஓரளவு ஜெயிப்பவனுக்கு மாற என்ன அவசியம்? சம்பாதித்த பெயரோடு அவர் நின்றிருக்கலாம்.

அவர் நிற்கவில்லை. மட்டையைப் பிடிக்கும் பிடியில் இடது கையைச் சற்று மாற்றிவைத்தார். மட்டையைப் பின்னே ஓங்கும்போது இடது மணிக்கட்டை லேசாகப் பின்புறம் மடக்கினார். இப்படிச் செய்தால், எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து இடப்பக்கம் வளையாது. மெல்ல வலப்பக்கம் சாய்ந்து மெத்தென்று இறங்கும். 1955-ல் 'லைஃப்' பத்திரிகையில் அவரே இதை விளக்கினார். வெறும் பிடியை மட்டும் மாற்றினால் தூரம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட, நாள் கணக்கில் பயிற்சி மைதானத்தில் நின்றார்.

1946-லேயே பி.ஜி.ஏ. பட்டம் கிடைத்தது. 1948-ல் யு.எஸ். ஓப்பனை 276 அடிகளில் முடித்துப் புதிய சாதனை படைத்தார்.

1949 பிப்ரவரி 2 அன்று, மூடுபனியில் எதிரே வந்த பேருந்து அவர் காரில் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவி வேலரியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். அதுவே அவர் உயிரையும் காத்தது. இடுப்பெலும்பும் காறை எலும்பும் கணுக்காலும் முறிந்தன. 16 மாதங்கள் கழித்து, கட்டுப் போட்ட கால்களோடு மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓப்பனை மறுபடி வென்றார். 1953-ல் ஒரே ஆண்டில் மூன்று பெரும் பட்டங்கள். மொத்தம் ஒன்பது.

ஹோகன் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் 'உழைப்பு, உழைப்பு' என்பார்கள். முதல் பத்து ஆண்டுகளிலும் அவர் உழைக்காமலா இருந்தார்? பழைய அடியையே இன்னும் ஆயிரம் முறை அடித்திருந்தால் பழைய குறைதான் இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கும். எதை விட வேண்டும் என்று தெரிந்துகொண்டு உழைத்தபோதுதான் பலன் வந்தது. அப்படி விடும் காலத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு பிக்கார்ட் வேண்டும்.

போட்டித் தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும் பிள்ளைகள், ஒரே பதவியில் பத்தாண்டாக இருப்பவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு. அவர்களிடம் 'இன்னும் உழை' என்று சொல்வது எளிது. 'கொஞ்ச நாள் மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, முறையை மாற்றிப் பார், நான் இருக்கிறேன்' என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

உங்களுக்கு அப்படித் துணை நின்றவர் யார்? பின்னூட்டத்தில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்